ஏழு மாணவர்களும் இரண்டு துளைகளும்: ஒரு கடைசி ஆண்டு புராஜெக்ட் சொல்லித்தந்த கேம் டிசைன்

கேம் டிசைன் படிக்க விரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கோர்ஸில் சேரலாம், எந்தப் புத்தகம் வாங்கலாம்? அடிப்படைகளுக்கு இது சரியான கேள்விதான். விதிகள் என்றால் என்ன, வெற்றி தோல்வியை எப்படி வகுப்பது, ஒரு லெவலை எப்படி வரைவது என்பதையெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேலே உள்ளது படித்து வருவதில்லை என்பது என் உறுதியான கருத்து. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கேமைச் செய்து முடித்து, அதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, அவர் திணறுவதை வாய் திறக்காமல் பார்க்கும்போதுதான் அது வரத் தொடங்கும்.

இதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான நிகழ்வு, 2005-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் நகரில் ஒரு கல்லூரியில் தொடங்கியது. அங்கே ஏழு மாணவர்கள் செய்த ‘நார்பாக்குலர் டிராப்’ என்ற சிறிய கேம், இரண்டரை ஆண்டுகளுக்குள் ‘போர்ட்டல்’ என்ற புதிர் கேமாக வளர்ந்தது. போர்ட்டலை எல்லோருக்கும் தெரியும். 2008-ல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்வானது. 2012-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் முதன்முதலாக வீடியோ கேம்களைச் சேகரித்தபோது எடுத்த 14 கேம்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த மாணவர்கள் என்ன கற்றார்கள், எங்கே கற்றார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கல்லூரியின் பெயர் டிஜிபென். 1988-ல் கனடாவின் வான்கூவரில் கிளாட் கோமெய்ர் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு ரெட்மண்டுக்கு வந்தது. அங்கே பாடத்திட்டத்தின் முதுகெலும்பே அணி புராஜெக்ட்தான். கணிதமும் இயற்பியலும் புரோகிராமிங்கும் வகுப்பில் நடக்கும். கூடவே மாணவர்கள் அணி சேர்ந்து கேம் செய்துகொண்டே இருக்க வேண்டும். முதல் புராஜெக்ட்டில் சொதப்பியதை அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். கடைசி ஆண்டுக்கு வரும்போது யாரோடு வேலை செய்ய முடியும், யாரால் எதைச் செய்ய முடியும் என்று ஒவ்வொருவருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும்.

அப்படி ஒரு கடைசி ஆண்டு புராஜெக்ட்தான் நார்பாக்குலர் டிராப். கிம் ஸ்விஃப்ட் உட்பட ஏழு பேர், ‘நியூக்ளியர் மங்கி சாஃப்ட்வேர்’ என்று அணிக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ‘நார்பாக்குலர்’ என்ற சொல் எந்த அகராதியிலும் கிடையாது. இணையத்தில் தேடினால் தங்கள் கேம் மட்டுமே வர வேண்டும் என்பதற்காக அவர்களே உண்டாக்கிய சொல் அது. படிப்பு முடிவதற்கு முன்பே, தங்கள் கேமை மற்றவர்கள் தேடி வந்து விளையாட வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். மார்க்குக்காக மட்டும் புராஜெக்ட் செய்கிறவர்களுக்கு இந்த யோசனை வராது.

கதை எளிமையானது. ஒரு அரக்கன் ஓர் இளவரசியை நிலவறையில் அடைத்துவைக்கிறான். அந்த நிலவறைக்கே உயிர் உண்டு, அது அவளுக்கு உதவுகிறது. சுவரிலோ தரையிலோ கூரையிலோ அது இரண்டு துளைகளைத் திறக்கும். ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. நீலத்துக்குள் நுழைந்தால் ஆரஞ்சில் வெளியே வரலாம், ஆரஞ்சுக்குள் நுழைந்தால் நீலத்தில் வரலாம். மொத்த கேமும் இவ்வளவுதான். பெட்டிகளையும் பாறை உருண்டைகளையும் இந்தத் துளைகள் வழியாக நகர்த்தி, வழி கண்டுபிடித்து வெளியேற வேண்டும்.

இளவரசியின் பெயர் ‘நோ நீஸ்’, அதாவது முழங்கால் இல்லாதவள். அதனால் அவளால் குதிக்க முடியாது. கேட்கும்போது விளையாட்டாக இருக்கும். ஆனால் இந்த ஒரு முடிவில் எவ்வளவு வேலை மிச்சமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குதிக்க முடிந்தால் ஒவ்வொரு சுவரின் உயரத்தையும் ஒவ்வொரு பள்ளத்தின் அகலத்தையும் குதிப்புக்கு ஏற்றபடி அளந்து வைக்க வேண்டும். துளைகளைப் பயன்படுத்தாமலே பெட்டி மேல் ஏறித் தாண்டிவிடும் ஆட்களைத் தடுக்க வேண்டும். குதிப்பை எடுத்துவிட்டால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக துளைகள் மட்டுமே மிஞ்சும். விளையாடுபவரின் கவனமும் துளைகள் மேலேயே இருக்கும். கையில் இருக்கும் ஆட்களுக்கும் நாட்களுக்கும் ஏற்ப எதை விடலாம் என்று தெரிவது பெரிய டிசைன் திறமை. அப்படி விட்டதைக் கதைக்குள்ளேயே ஒரு காரணமாகப் பொருத்தியது அதைவிடப் பெரிது. நான் இதைப் பல தடவை மற்றவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு துளைகள் என்பது சொல்ல எளிது, செய்வது கடினம். நீலத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு துளைக்கு வெளியே உள்ள காட்சி தெரிய வேண்டும். அதற்கு விளையாடுபவரின் கண் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, மறுபக்கம் அதே கோணத்தில் ஒரு கற்பனைக் கேமராவை வைத்து, அந்தக் காட்சியை முதலில் வரைய வேண்டும். பிறகு துளையின் வட்டத்துக்குள் மட்டும் தெரியும்படி அதை வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டு துளைகளும் எதிரெதிரே இருந்தால் கண்ணாடிக்குள் கண்ணாடி போல ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது என்றும் முடிவு செய்ய வேண்டும். ஒரு பெட்டி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்போது அந்தப் பெட்டி எந்தச் சுவரில் இடிக்கும்? ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது போல இயற்பியலை ஏமாற்ற வேண்டும். இதையெல்லாம் தீர்க்கிற புரோகிராமர், லெவல் வரைகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருமே கற்கிறார்கள். ‘துளை வழியாக இன்னொரு துளையைப் போட அனுமதிக்கலாமா?’ என்பது முதலில் புரோகிராமிங் கேள்வி, அடுத்த நிமிடமே புதிர்க் கேள்வி. நார்பாக்குலர் டிராப்பில் அது முடியும், போர்ட்டலில் முடியாது. சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் ஓர் அறையில் எங்கெல்லாம் எட்ட முடியும் என்ற கணக்கையே அது மாற்றிவிடுகிறது.

இந்த வகைக் கேமில் டிசைனருக்குத் தலைவலி தருவது விளையாடுபவருக்குக் கிடைக்கும் அளவுமீறிய சுதந்திரம். கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் காலுக்கும் எட்டும் என்றால் கதவு, சுவர், பள்ளம் எதற்குமே அர்த்தம் இல்லை. உலோகப் பரப்பில் துளை போட முடியாது என்ற விதி அதனால்தான் வந்தது. எந்தச் சுவர் உலோகம், எந்தச் சுவர் கல் என்று தீர்மானிப்பதே புதிரை உருவாக்கும் வேலை ஆகிவிட்டது.

சரி, அடுத்து நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்புக் கண்காட்சியில் மாணவர்கள் தங்கள் கேமை வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரான பெல்வியூவில் இருந்த வால்வ் என்ற கேம் நிறுவனத்தின் ராபின் வாக்கர் அதைப் பார்த்தார். ஆலோசனைகள் சொன்னார், அலுவலகத்துக்கு வந்து காட்டும்படி அழைத்தார். அவர்கள் போய்க் காட்டியதும் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் ஏழு பேருக்கும் சேர்த்து வேலை கொடுத்தார். அதே யோசனையை இங்கேயே தொடர்ந்து செய்யுங்கள் என்றார்.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அவர்களிடம் காட்ட ஒரு முடிந்த கேம் இருந்தது. அழகான படங்களும் பெரிய கனவும் கொண்ட பாதி வேலையாக அது இருந்திருந்தால் யாரும் நின்று விளையாடியிருக்க முடியாது. இரண்டாவது, வால்வ் எடுத்துக்கொண்டது அணியை. தனித்தனியாக ஏழு திறமைசாலிகளை எடுத்து ஏழு பிரிவுகளில் போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஓராண்டு காலம் ஒரே யோசனையைச் சுற்றிச் சண்டை போட்டு, விட்டுக்கொடுத்து, ஒருவர் பேச ஆரம்பித்ததுமே மற்றவருக்குப் புரியும்படி ஆகியிருந்த அந்தப் பழக்கம் கலைந்துபோயிருக்கும். ஓர் அணி சேர்ந்து கற்ற கல்வியில் பாதி அந்த அணிக்குள்தான் இருக்கிறது.

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் சாரம். கல்லூரியில் அவர்கள் ஒரு யோசனையை வேலை செய்ய வைத்தார்கள். அந்த யோசனையை, அதைக் கேள்விப்பட்டே இராத ஒருவருக்குச் சொல்லித்தருவது எப்படி என்று கற்றது வால்வில்தான். அதற்கு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆனது. அணி பத்துப் பேரைத் தாண்டவே இல்லை.

முதல் வாரத்திலிருந்தே வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாட வைத்தார்கள். அப்போது கையில் இருந்தது ஒரே ஓர் அறைதான். அதன்பிறகு வாராவாரம் அது நடந்தது. டிசைனர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். குறிப்பு கொடுக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது, ‘இல்லை இல்லை, அந்தப் பக்கம் பார்’ என்று விரலை நீட்டக் கூடாது. தான் செய்ததை ஒருவர் புரிந்துகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வருவதை அரை மணி நேரம் அமைதியாகப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கை துடிக்கும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் தெரியவருவது வேறு எதிலும் கிடைக்காது.

போர்ட்டலில் நாம் ஓர் ஆய்வகத்தில் அடைபட்டு, அறை அறையாகப் புதிர்களைத் தீர்த்துக்கொண்டு போகிறோம். அதன் பாட வரிசையைப் பாருங்கள். துளை போடும் கருவி தொடக்கத்தில் கையில் கிடையாது. முதலில் துளைகள் தாமாகத் திறக்கின்றன. முதல் துளை வழியாக நாம் பார்ப்பதே நம் முதுகைத்தான். இரண்டு துளைகளும் ஒரே இடத்தின் இரண்டு வாசல்கள் என்பது ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் புரிந்துவிடுகிறது. பிறகு கருவி கிடைக்கிறது, ஆனால் நீலத் துளை மட்டும் போட முடியும். ஆரஞ்சு துளை எங்கே இருக்க வேண்டும் என்பதை டிசைனரே முடிவு செய்து வைத்திருக்கிறார். இரண்டையும் போடும் அதிகாரம் 11-ம் எண் அறைக்கு வரும்போதுதான் நம் கைக்கு வருகிறது. மொத்தமே 00 முதல் 19 வரைதான் அறைகள். அதாவது பாதி தூரம் வரை அந்தக் கேமின் முக்கிய ஆயுதம் முழுதாகக் கொடுக்கப்படவே இல்லை. அனுபவமில்லாத டிசைனர் யாராக இருந்தாலும் அதை முதல் நிமிடத்திலேயே கொடுத்திருப்பார், ஏனென்றால் தன் கேமில் அழகான பகுதி அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

10-ம் அறையில் வேகம் பற்றிய பாடம் வருகிறது. உயரத்திலிருந்து தரையில் உள்ள துளைக்குள் விழுந்தால், விழுந்த வேகம் அப்படியே இருக்கும், திசை மட்டும் மாறும். சுவரில் உள்ள துளையிலிருந்து பீரங்கிக் குண்டு போல வெளியே பாய்கிறோம். இதைக் கற்பிக்கும்போது ஆரஞ்சு துளையை உயரத்தில் நிலையாக வைத்துவிட்டு, விளையாடுபவர் செய்ய வேண்டியதை ஒன்றே ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். இயற்பியல் பாடத்தில் எத்தனையோ பேருக்கு எட்டாத விஷயத்தை, குதித்துப் பாய்ந்து நாமே உணர்ந்துகொள்கிறோம். நல்ல ஆசிரியர்கள் இப்படித்தான் செய்வார்கள்: புதிய விஷயம் ஒன்று, பழகிய விஷயங்கள் நாலு.

அப்புறம் அந்தப் பெட்டி. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 17-ம் அறையில் ஒரே ஒரு பெட்டியை ஆரம்பம் முதல் கடைசி வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். விளையாடிப் பார்த்தவர்கள் அதை நடுவழியில் மறந்துவிட்டுப் போனார்கள், பிறகு முன்னேற முடியாமல் திகைத்தார்கள். சாதாரணமாக என்ன செய்வோம்? ‘பெட்டியை எடுத்துச் செல்லவும்’ என்று திரையில் எழுதிப் போடுவோம். இவர்கள் பெட்டியின் பக்கங்களில் ஓர் இதயம் வரைந்தார்கள். ஆய்வகத்தை நடத்தும் கணினிக் குரல், இந்தப் பெட்டி உன் துணைவன், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லும்படி வசனம் சேர்த்தார்கள். தனிமையில் அடைபட்டவர்கள் உயிரற்ற பொருட்களோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று எழுத்தாளர் எரிக் வோல்பா படித்திருந்தது இங்கே உதவியது. அதன்பிறகு யாரும் பெட்டியை மறக்கவில்லை. அறையின் முடிவில் அதை உலைக்குள் போட்டு எரிக்கச் சொல்லும்போது விளையாடியவர்களுக்கு நிஜமாகவே வலித்தது.

அந்த எரிப்பு வேறு ஒரு வேலையையும் செய்கிறது. கடைசி மோதலில், எதிரியாகிவிட்ட அந்தக் கணினியின் உடலிலிருந்து விழும் பாகங்களை உலையில் போட்டு அழிக்க வேண்டும். உலையை எப்படி இயக்குவது என்று அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பெட்டியை எரித்தபோதே கற்றுவிட்டோம். ஒரு குறையைச் சரிசெய்யப் போய், அது கதையாகவும் உணர்ச்சியாகவும் பாடமாகவும் ஆகியிருக்கிறது. வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அணிக்கு மட்டுமே இது சாத்தியம். எழுத்தாளர், லெவல் வரைகிறவர், ஓவியர் மூன்று பேரும் ஒரே குறையை ஒரே சமயத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கணினிக் குரல் பிறந்த விதமும் இப்படித்தான். எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளில் வோல்பா சில வசனங்களைப் போட்டுக் காட்டினார். உணர்ச்சியே இல்லாத அந்தக் குரல் அணிக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து க்ளாடோஸ் என்ற பாத்திரம் வளர்ந்தது, எல்லன் மக்லேன் அதற்குக் குரல் கொடுத்தார். மனிதப் பாத்திரங்களை உருவாக்கி அசைய வைக்க ஆள் இல்லாத சிறிய அணிக்கு, பெரும்பாலும் குரலாக மட்டும் வரும் எதிரி பெரிய வசதி. வால்வின் இன்னொரு கேமான ஹாஃப்-லைஃப் உலகத்தில் கதையைப் பொருத்தியதற்கும், ஏற்கெனவே செய்து வைத்த பொருட்களை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது ஒரு காரணம். முழங்கால் இல்லாத இளவரசியிடம் கற்ற பாடம் இங்கேயும் தொடர்ந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. கடைசி மோதலை அவர்கள் பல தடவை தூக்கிப்போட வேண்டியிருந்தது. முதலில் லேசர் கதிர்களுக்கு நடுவே நடக்கும் சண்டை. பிறகு ராக்கெட்டுகளை எதிரி மேலேயே திருப்பி விடும் வேகமான சண்டை. துப்பாக்கிக் கேம் பழகியவர்களுக்கு அது பிடித்தது, புதிருக்காக வந்தவர்களுக்கு எரிச்சல் தந்தது. அடுத்து க்ளாடோஸைத் துரத்திப் போகும் காட்சி, அதுவும் சரிவரவில்லை.

விடை அவர்கள் கண் முன்னாலேயே இருந்தது. 19-ம் அறையின் முடிவில் நாம் நிற்கும் மேடை மெதுவாக நெருப்புக் குழிக்குள் போகும். தப்பிப்பது மிக எளிது, எதிரே ஒரு துளை, பக்கத்தில் ஒரு துளை போட்டால் போதும். ஆனால் விளையாடியவர்கள் எல்லோரும் அதைத்தான் மிகப் பெரிய தருணமாகச் சொன்னார்கள். அதுவரை உதவி செய்வதுபோல் பேசிய குரல் நம்மைக் கொல்லப் பார்க்கிறது, நேரம் ஓடுகிறது, நாமே யோசித்துத் தப்பிக்கிறோம். புதிர் எளிதாக இருந்ததால்தான் அந்தப் பதற்றம் முழுதாக வேலை செய்தது. கடினமான புதிராக இருந்திருந்தால் பத்துத் தடவை செத்துப் பிழைத்திருப்போம், பதற்றம் சலிப்பாகியிருக்கும். அதைப் பார்த்த பிறகு கடைசி மோதலையும் எளிமையாக்கி, ஒரு கடிகாரத்தை மட்டும் ஓட விட்டார்கள். உச்சக்கட்டம் என்றால் கடினமாக இருக்க வேண்டும் என்பது கேம் உலகில் வேரூன்றிய நம்பிக்கை. அது தவறு என்று இவர்களுக்குக் காட்டியது விளையாட வந்தவர்களின் முகங்கள்.

2007 அக்டோபர் 10-ல் ‘தி ஆரஞ்ச் பாக்ஸ்’ தொகுப்பில் மற்ற பெரிய கேம்களோடு சேர்ந்து போர்ட்டல் வெளியானது. நாலைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம் அது. அதன் கச்சிதத்துக்குக் காரணம் அந்தச் சிறிய அளவும் குறைந்த ஆட்களும்தான் என்று வோல்பாவே சொல்லியிருக்கிறார்.

இந்த வழிதான் ஒரே வழி என்று சொல்ல மாட்டேன். அதே 2005-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நாலு மாணவர்கள் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வொரு கேமையும் ஒரே ஆள், ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு, ஒரு செமஸ்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்களைச் செய்தார்கள். அதில் கைல் கேப்லர் செய்த ஒரு சின்ன கேமிலிருந்து பிறந்ததுதான் 2008-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் கூ’. நல்ல யோசனையைக் கண்டுபிடிக்க அந்த வேகம் அருமையான பயிற்சி. ஆனால் கண்டுபிடித்த யோசனையை அடிவரை தோண்டுவதற்கு, வேறு வேறு கண்களால் அதைப் பார்க்கிற அணி வேண்டும், அதே யோசனையோடு மாதக்கணக்கில் வாழ வேண்டும். படிக்கிற காலத்தில் இரண்டையும் செய்ய வாய்ப்பு கிடைத்தால் முதலில் ஏழு நாள் வேலையையும், அப்புறம் நீண்ட வேலையையும் செய்யச் சொல்வேன்.

டிஜிபென்னில் நடந்தது ஒரு தடவை நடந்த அதிசயம் அல்ல. அதே கல்லூரியின் இன்னொரு மாணவர் அணி ‘டேக்: தி பவர் ஆஃப் பெயின்ட்’ என்ற கேமைச் செய்தது. நிறமில்லாத ஒரு நகரத்தில் சாயம் பீச்சும் துப்பாக்கியோடு போக வேண்டும். சிவப்புச் சாயத்தில் ஓடினால் வேகம் கூடும், பச்சையில் கால் வைத்தால் துள்ளிக் குதிப்போம், நீலத்தில் நடந்தால் சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டு போகலாம். 2009-ல் சுயாதீன கேம் விழாவில் மாணவர் பிரிவில் அது பரிசு பெற்றது. வால்வ் இந்த அணியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2011 ஏப்ரலில் வந்த போர்ட்டல் 2-ல் துள்ளும் சாயமும் வேகச் சாயமும் நிறம் மாறி இடம்பெற்றன. சுவரில் ஒட்டி நடக்க வைத்த அந்த மூன்றாவது சாயத்தையும் செய்து பார்த்தார்கள். விளையாடிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது, எடுத்துவிட்டார்கள்.